மஞ்சள் கோட்டின் பின்னால்: பிரான்ஸ் கிராமப்புற ஓட்டப்பாதைகள் பற்றி ஒரு மதிப்பீடு

பிரான்ஸ் கிராமப்புறத்தில் ஓட நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் ஜி.ஆர். எனப்படும் நெடுந்தூர நடைப்பாதைகளைத்தான். ஜி.ஆர். 65, ஜி.ஆர். 10 என்று எண்ணைச் சொன்னாலே போதும், எந்தப் பாதை என்று தெரிந்துவிடும். நாள் முழுக்க நடந்து அடுத்த ஊரில் தங்குகிறவர்களுக்கு அவை அருமையான பாதைகள். ஒரு சிற்றூரில் ஒரு வாரம் தங்கி தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் ஓட நினைக்கிறவருக்கு நாங்கள் சொல்வது வேறு: மரத்திலும் கல்லிலும் மஞ்சள் கோடு வரைந்து வழிகாட்டும், பி.ஆர். எனப்படும் சிறு சுற்றுப்பாதைகளை எடுங்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரலாம். நீளம் பெரும்பாலும் 6 முதல் 20 கி.மீ.க்குள் அடங்கும். தேவாலயச் சதுக்கத்திலோ ஊராட்சி அலுவலகமான மேரியின் வாசலிலோ தொடங்கும். வண்டி நிறுத்த இடமும், பாதையின் படம் போட்ட பலகையும் அங்கேயே இருக்கும். ஜி.ஆரில் 15 கி.மீ. ஓடிப் போய்விட்டால் திரும்பி வரப் பேருந்து கிடைக்காது. கிராமத்துப் பேருந்துகள் பெரும்பாலும் பள்ளி நேரத்தை ஒட்டியே ஓடுகின்றன.

இந்தக் கோடுகளின் முறையைத் தெரிந்துகொள்வது அவசியம். 1947-இல் லுவார் ஆற்றோரம், ஒர்லேயானுக்கும் போஜான்சிக்கும் நடுவே முதல் ஜி.ஆர். துண்டு திறக்கப்பட்டது. இன்று நாடு முழுக்க 1,80,000 கி.மீ.க்கும் மேற்பட்ட பாதைகள் நடைப்பயணக் கூட்டமைப்பின் அடையாளங்களோடு இருக்கின்றன. கோடுகளை வரைந்து பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் ஜி.ஆர்.; மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் ஜி.ஆர்.பி.; தனி மஞ்சள் என்றால் பி.ஆர். நேரே போக வேண்டிய இடத்தில் வெறும் கோடு. திரும்ப வேண்டிய இடத்தில் கோட்டோடு அம்புக்குறி. போகக் கூடாத கிளையில் அதே நிறத்தில் பெருக்கல் குறி.

ஒரு கோடு 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். நடக்கிறவரின் கண்ணுக்காக அளவெடுத்த குறி அது. மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஓடுகிறவர் நிமிடத்துக்கு 200 மீட்டர் கடந்துவிடுவார், அதுவும் கண் தரையில் பதிந்திருக்கும். பெரும்பாலானவர்கள் வழி தவறுவது இதனால்தான். கோடு இல்லாமல் போவதில்லை, கண்ணில் படாமல் போகிறது. பழகிக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு சந்திப்பிலும் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு கிளையிலும் இருபது முப்பது மீட்டர் உள்ளே பாருங்கள். சரியான கிளையில் ஒரு உறுதிக்கோடு இருக்கும், தவறான கிளையில் பெருக்கல் குறி இருக்கும். இரண்டும் தெரியாமல் ஒரு கிளையைப் பிடித்துவிட்டீர்களா? ஒரு நிமிடம் ஓடியும் கோடு வரவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். கிளை பிரியாத பாதையில் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒரு கி.மீ. வரை கோடே இல்லாமல் போனாலும் தவறில்லை.

கோடு உண்மையிலேயே காணாமல் போகும் இடங்களும் உண்டு. காட்டில் மரம் வெட்டும்போது கோடு வரைந்த மரமும் சேர்ந்து போய்விடும். வெட்டிய பகுதியில் வண்டித்தடங்கள் பத்துத் திசையில் கிளைப்பதால் பாதை எது என்றே தெரியாது. மே, ஜூனில் வேலிச்செடி வளர்ந்து கம்பத்தை மூடிவிடும். மரமும் கல்லும் இல்லாத கோதுமைச் சமவெளியில் கோடு வரைய இடமே கிடையாது. சில உள்ளூர்ச் சுற்றுகளில் ஒரே திசைக்குத்தான் கோடு போட்டிருப்பார்கள், எதிர்த்திசையில் ஓடினால் திருப்பங்கள் கண்ணில் படாது. முதல் தடவை பலகை காட்டும் திசையிலேயே ஓடுவது நல்லது.

வோஜ் மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் இவ்வளவையும் மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டும். 1872-இல் தொடங்கிய வோஜ் மலைச் சங்கம் அங்கே தன் சொந்தக் குறிகளையே வைத்திருக்கிறது: செவ்வகம், வட்டு, முக்கோணம், வளையம், சிலுவை, ஒவ்வொன்றும் பல நிறங்களில். அங்கே சிலுவைக் குறி "போகாதே" என்று சொல்லவில்லை, அதுவே ஒரு பாதையின் அடையாளம். மற்ற பிரான்ஸில் பழகிய கண் இங்கே தடுமாறும்.

ஆகவே கோட்டை மட்டும் நம்பாமல் வரைபடத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். தேசியப் புவியியல் நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 வரைபடம்தான் எங்கள் தேர்வு. வரைபடத்தில் 4 செ.மீ. தரையில் ஒரு கி.மீ. சமவெளியில் 5 மீட்டருக்கு ஒன்று, மலையில் 10 மீட்டருக்கு ஒன்று என உயரக்கோடுகள். தாள் வேண்டாம் என்றால் அந்த நிறுவனமே 2024-இல் வெளியிட்ட இலவசச் செயலி போதும். முதல் நாள் இரவே அந்தப் பகுதியைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் அறுந்துவிடும்.

இந்த வரைபடத்தில் ஓடுகிறவர் பார்க்க வேண்டியது கோட்டின் வகை. தொடர்ந்து போகும் ஒற்றைக் கருப்புக் கோடு டிராக்டர் போகிற தடம். இரண்டு சக்கரப் பள்ளம், நடுவில் புல். இருவர் பக்கம் பக்கமாக ஓடலாம். விட்டு விட்டுப் போகும் மெல்லிய கோடு ஒற்றையடிப் பாதை. ஏப்ரலில் அது சொர்க்கம். ஜூன் முடிவில் இடுப்பளவு காஞ்சொறியும் முள்கொடியும் அடைத்திருக்கலாம். அரைக்கால் சட்டையோடு போகிறவர்கள் அந்த மாதங்களில் தொடர்ந்து போகும் கருப்புக் கோடுகளை மட்டும் இணைத்தே சுற்றை அமைத்துக்கொள்ளுங்கள். பலரும் ஓடிய தடங்களை நிறம் ஏற்றிக் காட்டும், ஓட்டப்பதிவுச் செயலியான ஸ்ட்ராவாவின் வரைபடத்தையும் இதோடு ஒப்பிடலாம். அது எங்கே ஓட முடிகிறது என்பதைக் காட்டும். ஆனால் யாருடைய நிலத்தில் ஓடுகிறோம் என்பதைக் காட்டாது.

நில உரிமை முக்கியமான விஷயம். ஷெமாங் ரூரால் எனப்படும் ஊர்ப்பாதை ஊராட்சியின் சொத்து, பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியது. ஷெமாங் தெக்ஸ்ப்ளுவாத்தாசியோன் எனப்படும் விவசாயத் தடம் இரு பக்கத்து நில உடைமையாளர்களுடையது. அவர்கள் விரும்பினால் வெளியாருக்கு அடைத்துவிடலாம். தரையில் பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். 2023 பிப்ரவரியில் வந்த சட்டத்தின்படி, தனியார் நிலம் என்று தெளிவாகப் பலகை வைத்த வயலிலோ காட்டிலோ நுழைவது குற்றம், அதற்கான நேரடி அபராதம் 135 யூரோ. "ப்ரொப்ரியேத்தே ப்ரிவே" என்ற பலகையைக் கண்டால் குறுக்குவழி ஆசையை விட்டுவிடுங்கள். மஞ்சள் கோடு போகிற இடத்தில் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் எழாது. பாதைக்கு அனுமதி பெற்ற பிறகே கோடு வரைவது வழக்கம். பி.ஆர். சுற்றுகளை நாங்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுற்றை மூடுவதற்கு எப்படியும் கொஞ்ச தூரம் தார்ச்சாலையில் ஓட வேண்டியிருக்கும். வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் சிறு சாலைகளில் பயமில்லை. மஞ்சளில் இருக்கும், டி எண் கொண்ட மாவட்டச் சாலைகளில்தான் கவனம் வேண்டும். 2018 ஜூலை முதல் நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளுக்குப் பொது வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ.; சில மாவட்டங்கள் சில சாலைகளை மறுபடி 90 ஆக்கியிருக்கின்றன. பல இடங்களில் ஓரமே கிடையாது. வெள்ளைக் கோட்டை ஒட்டிப் புல், அதை ஒட்டிப் பள்ளம். ஊருக்கு வெளியே காலால் போகிறவர் இடது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி போக வேண்டும் என்பது சாலைச் சட்டம். பாதுகாப்புக்குக் கேடு என்றால் மாறிப் போகலாம் என்று அதே சட்டம் இடம் தருகிறது. அந்த விலக்கு தேவைப்படுவது இடப்பக்கம் வளையும் மறைவான திருப்பங்களில். வளைவின் உட்புறத்தில் நீங்கள் இருப்பீர்கள், எதிரே வருபவருக்கு வேலிச்செடி உங்களை மறைத்துவிடும். ஐம்பது மீட்டருக்கு முன்பே சாலையைக் கடந்து வெளிப்புறம் போய், திருப்பம் முடிந்ததும் மறுபடி இடதுக்கு வாருங்கள்.

எல்லாவற்றையும் விட ஓட்டத்தைத் தீர்மானிப்பது மண்தான். தூரத்தையும் ஏற்றத்தையும் பார்ப்பவர்கள் பாறையைப் பார்ப்பதில்லை. பூர்கோஞ் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்சுவா, ஷரொலே, ப்ரியோனே வட்டாரங்களில் களிமண், மேய்ச்சல் நிலம், வெள்ளை மாடுகள். நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு காலணியிலும் அப்பம் போல மண் ஒட்டும். மாடுகள் கூடி மிதித்த படல்வாசலில் கணுக்கால் வரை புதையும். ஒக்சுவாவிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரத்தில், போன் ஊரைச் சுற்றிய திராட்சைச் சரிவுகள் சுண்ணாம்புக்கல். மழை விட்ட மறுநாளே ஓடலாம். போன் ஊரிலிருந்து போமார், வொல்னே, மெர்சோ வழியாகச் சாந்த்தனே வரை போகும் மிதிவண்டிப் பாதை ஏறக்குறைய 20 கி.மீ. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவிலேயே போகும். குளிர்காலத்தில் பூர்கோஞ் போகிறவருக்கு இதைவிட நல்ல தரை இல்லை. மே முதல் ஆகஸ்ட் வரை மட்டும் ஒரு எச்சரிக்கை: வரிசைக்கு மேலே கால் பரப்பிப் போகும் உயர டிராக்டர்கள் மருந்தடிக்கும். புகை போலத் தெரிந்தால் காற்று வரும் பக்கமாக வேறு தடத்துக்கு மாறிவிடுங்கள்.

லோத் மாவட்டத்துக் கோஸ் மேட்டுநிலமும் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் குணம் வேறு. மண் மெல்லிய போர்வை, கீழே உடைந்த கல். சேறு என்ற பேச்சே இல்லை, ஆனால் உருளும் கல்லில் கணுக்கால் பிசகும். மழைநீர் பாறை இடுக்கில் இறங்கிவிடுவதால் மேலே ஓடையே கிடையாது. 15 கி.மீ. சுற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காமல் போகலாம். குட்டை ஓக் மரங்களின் நிழலும் அரைகுறைதான். கோடையில் காலை ஏழு மணிக்குள் கிளம்பி, ஒருவருக்கு ஒரு லிட்டராவது சுமந்து செல்லுங்கள்.

பிரெத்தாஞ், நார்மண்டி பக்கம் நேர் எதிர். இரு பக்கமும் வேலிக்கரை உயர்ந்து, நடுவில் தாழ்ந்து போகும் பள்ளப்பாதைகள். ஜூலை வெயிலில் இதைப் போலக் குளிர்ந்த ஓட்டம் வேறெங்கும் கிடைக்காது. ஜனவரியில் அதே பாதை ஓடையாகிவிடும். போஸ் சமவெளியில் பாதை நேர்கோடு, தரை தட்டை, நிழல் இல்லை, காற்று மட்டும் உண்டு. சீரான வேகப் பயிற்சிக்குச் சரி, பார்வைக்குச் சலிப்பு.

ஜி.ஆர். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அது லெ புய்-ஆன்-வெலேயிலிருந்து மேற்கே போகும் ஜி.ஆர். 65-இன் ஒப்ராக் பகுதி. 1,000 மீட்டருக்கும் மேலே திறந்த புல்வெளி, எரிமலைக் கல், கல் சுவர்கள். நாஸ்பினாலிலிருந்து சாந்-ஷெலி-தொப்ராக் ஏறக்குறைய 16 கி.மீ.; முதல் பாதி மெல்ல ஏறி, பிறகு வேர்களும் கற்களுமாக இறங்குகிறது. இறக்கத்தில்தான் தொடை களைத்துப்போகும், அங்கே வேகத்தைச் சேமியுங்கள். இது யாத்திரைப் பாதை என்பதால் பருவகாலத்தில் பயணிகளையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் வண்டிகள் உண்டு. முன்பதிவு செய்தால் திரும்பும் வழிக்குக் கவலையில்லை. மேலே மூடுபனி இறங்கினால் கம்பத்திலிருந்து கம்பம் தெரியாது, அன்று ஓட வேண்டாம்.

ஏற்றமே வேண்டாம், மூச்சுச் சீராக நீண்ட தூரம் ஓட வேண்டும் என்பவர்களுக்கு வுவா வேர்த் எனப்படும் பசுமைப் பாதைகளும் கால்வாய்க்கரைகளும் இருக்கின்றன. நாட்டின் முதல் பசுமைப் பாதை 1997-இல் ஜிவ்ரிக்கும் க்லூனிக்கும் நடுவே, பழைய ரயில் தடத்தின் மேல் திறக்கப்பட்டது. 44 கி.மீ. தூரம் இது. ரயிலுக்கு வெட்டிய சாய்வு என்பதால் ஏறுகிறோம் என்பதே தெரியாது. தார்த்தளம் முழங்காலுக்குக் கடினம், தடித்த அடிப்பகுதி உள்ள சாலைக் காலணி போடுங்கள். க்லூனிக்குத் தெற்கே மாக்கோன் நோக்கிப் போனால் 1.6 கி.மீ. நீளமுள்ள புவா க்லேர் சுரங்கம் வரும். வௌவால்களுக்காகக் குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள். அப்போது குன்றின் மேல் ஏறித்தான் போக வேண்டும், நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையிலும் உள்ளே குளிராக இருக்கும்.

துலூஸிலிருந்து கிளம்பும், கனால் துய் மிதி எனப்படும் கால்வாய் 1681-இல் முடிந்தது, 240 கி.மீ. நீளம். துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. அளவுக்குத் தளம் போட்ட கரை. அதைத் தாண்டி ஓத் மாவட்டத்துக்குள் போனால் பல இடங்களில் மண்தடமும் பிளேன் மர வேர்களும் இருக்கும். 2006-இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான பிளேன் மரங்களை வெட்டிவிட்டார்கள். பழைய படங்களில் உள்ள பச்சைக் குகை போன்ற நிழல் எல்லா இடத்திலும் இல்லை, புதுக் கன்றுகள் வளர்ந்து வருகின்றன. ஆகஸ்ட் மதியத்தில் நிழலை நம்பிப் போகாதீர்கள்.

நேரக் கணக்குக்குப் பிரெஞ்சு மலை ஓட்டக்காரர்கள் வைத்திருக்கும் எளிய வழி ஒன்று உண்டு: 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கி.மீ. சமதூரமாகக் கூட்டிக்கொள்வது. 12 கி.மீ. சுற்றில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் 15. சமதளத்தில் கி.மீ.க்கு 6 நிமிடம் ஓடுகிறவருக்கு 90 நிமிடம். பலகையில் அதே சுற்றுக்கு 3 மணி நேரம் என்று போட்டிருக்கும், அது மணிக்கு 4 கி.மீ. நடைக்கான கணக்கு. சாதாரண ஓட்டக்காரர் அதைப் பாதியாக்கிக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும். சேற்றுக்காலத்தில் இன்னும் 15 நிமிடம் கூட்டுங்கள்.

செப்டம்பர் முதல் பிப்ரவரி முடிவு வரை வேட்டைக்காலம். தொடங்கும் தேதி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேர்ந்து காட்டுப்பன்றியை விரட்டி வேட்டையாடுவார்கள். சாலையோரம் "ஷாஸ் ஆன் கூர்" என்ற பலகை இருந்தால் வேட்டை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் காட்டுக்குள் போகக் கூடாது, கோடு போகிறதே என்று வாதிடுவதில் பயனில்லை. இந்த மாதங்களில் ஆரஞ்சு நிற மேலாடை போடுங்கள், காதில் பாட்டு வேண்டாம். ஞாயிறு என்றால் கால்வாய்க்கரையோ பசுமைப் பாதையோ போதும்.

தெற்கே ப்ரொவான்ஸில் கோடைக்கு வேறு விதி. பூஷ்-துய்-ரோன் மாவட்டத்தில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை தீ அபாயத்தைப் பொறுத்துக் குன்றுக்காடுகளைத் திறப்பதும் மூடுவதும் நாளுக்கு நாள் மாறும். மறுநாளுக்கான அறிவிப்பு முந்தின மாலையே வந்துவிடும். பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

ஆல்ப்ஸ், பிரெனே மலை மேய்ச்சல் நிலங்களில் ஆட்டு மந்தையோடு பாத்தூ எனப்படும் பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும். அவை ஓடி வந்து குரைக்கும். ஓட்டத்தை உடனே நிறுத்தி, கைகளைத் தாழ்த்தி, கண்ணை நேராகப் பார்க்காமல், மந்தையை அகலமாகச் சுற்றி நடந்து போங்கள். கம்பை வீசுவதும் திரும்பி ஓடுவதும் நிலைமையைக் கெடுக்கும். மாட்டு மேய்ச்சலுக்குள் பாதை நுழைந்தாலும் நடந்தே கடக்க வேண்டும், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது. மின்வேலிக் கம்பியில் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும், அதைப் பிடித்துக் கழற்றி, கடந்ததும் மறுபடி மாட்டிவிடுங்கள். புல்லில் ஓடி வந்தபின் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். லைம் நோயைப் பரப்புவது அதுதான்.

தண்ணீருக்கு ஊர் நீரூற்றை நம்பாதீர்கள். "ஓ நோன் போத்தாப்ள்" என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. கல்லறைத்தோட்ட வாசலில் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். ஊரின் குழாய்நீரே அதிலும் வரும் ஊர்கள் பல, ஆனால் அங்கேயும் பலகையைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள். கடைகள் நண்பகலில் மூடும். ரொட்டிக்கடைக்குப் பல ஊர்களில் திங்கட்கிழமை விடுமுறை. அவசரத்துக்கு 112. அழைக்கும்போது ஊராட்சிப் பெயரோடு செயலியில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் சொன்னால் தேடி வருகிறவர்களுக்கு நேரம் மிச்சம்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, கார் இல்லை என்கிறவருக்கு எங்கள் முதல் பரிந்துரை பூர்கோஞ் கால்வாயின் கரையில், வெனரே-லெ-லோமிலிருந்து மோன்பார் வரை. ஏறக்குறைய 15 கி.மீ. தூரம். இரண்டு ஊரிலும் வட்டார ரயில் நிற்கிறது, மோன்பாரில் அதிவேக ரயிலான டி.ஜி.வி.யும் உண்டு. கால்வாய் இந்தத் திசையில் மடைக்கு மடை இறங்குவதால் கால்களுக்கு இதம். ஆனால் மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும், அது பலமாக இருக்கும் நாளில் திசையை மாற்றிக்கொள்ளலாம். இன்னும் தெம்பு இருப்பவர்கள் முதலில் வெனரேயிலிருந்து அலீஸ்-சாந்த்-ரேன் ஊர் வழியாக 407 மீட்டர் உயரமுள்ள ஒக்சுவா குன்றின் உச்சிக்கு ஏறி, பண்டைய கோல் இனத் தலைவரான வெர்சான்ஜேத்தொரிக்ஸின் சிலையைப் பார்த்துவிட்டு இறங்கிக் கரையைப் பிடிக்கலாம். அந்த ஏற்றம் 150 மீட்டருக்கும் அதிகம், அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நடுப்பகலில் வட்டார ரயில்களுக்கு இடையே நீண்ட இடைவெளி விழும். திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கிளம்புங்கள்.